கிடுகிடு ஐயாவும் அடங்காத ஹேண்டிலும்

மோட்டார் சைக்கிளை உலகத்தில் எத்தனையோ பேர் ஓட்டியிருக்கிறார்கள். ஆனால் தான் முதலில் வந்து இறங்கிவிட்டு, தன் கைகள் வந்து சேரட்டும் என்று ஒரு மணி நேரம் காத்துக்கொண்டிருந்த மனிதர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான்.

அவருக்கும் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. தோட்டத்து ஒபிஸில் கிளாக்கராக இருந்த எனக்கே அது சட்டென்று ஞாபகம் வராது. லயம் என்கிற வரிசை வீடுகளில் இருந்த தொழிலாளர் சனங்களுக்கு அவர் கிடுகிடு ஐயா. அவர் காதுபடக் கூப்பிடும்போது மட்டும் டொக்டரையா.

ஐம்பதுகளின் நடுவில், டிக்கோயாவுக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு நான் சின்னக் கிளாக்கராகப் போய்ச் சேர்ந்தேன். அவர் அங்கே டிஸ்பென்சர். டொக்டர், கம்பவுண்டர், மருந்து கலக்குகிறவர், புண் கழுவுகிறவர் எல்லாமே அவர்தான். நாற்பதைத் தாண்டியவர், ஒல்லி, எந்த மழையிலும் கழுத்தில் டை. கல்யாணமாகாத உத்தியோகத்தர்களுக்கென்று இருந்த குவாட்டர்ஸில் ஓர் அறை அவருக்கு, ஓர் அறை எனக்கு. நடுவில் இருந்த விறாந்தை அவருடைய மோட்டார் சைக்கிளுக்கு. மூன்று பேரில் நன்றாகக் கவனிக்கப்பட்டது அதுதான்.

மருந்துச்சாலை இருந்தது கீழ்க்கணக்கில். தோட்டத்தின் மற்றப் பிரிவான மேல்கணக்கு, மலையுச்சிக்குப் பக்கத்தில், நாலு மைல் ஏற்றத்தில். அங்கே நோயாளி பார்க்க முன்னெல்லாம் ஐயா நடந்துதான் போவாராம். அதற்குள் காய்ச்சல்காரனுக்குக் காய்ச்சல் விட்டுப்போய் அவன் வேலைக்குக் கிளம்பியிருப்பானாம். ஆகவே, உதவி மேனேஜராக இருந்த சின்னத்தொரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது, யுத்த காலத்தில் சிப்பாய்கள் ஓட்டித் தேய்த்த அவருடைய மோட்டார் சைக்கிளை ஐயா வாங்கிக்கொண்டார். நோயாளி காத்திருக்கக் கூடாது என்பது அவர் கொள்கை.

கொள்கை நல்லதுதான். வண்டிதான் வேறு கொள்கை வைத்திருந்தது. ஒற்றைச் சிலிண்டர் இன்ஜின். அது ஒவ்வொரு முறை வெடிக்கும்போதும் ஹேண்டில் துள்ளும். ஹேண்டில் துள்ளினால் ஐயாவின் கை துள்ளும். மேல்கணக்குக்குப் போய் இறங்கி, வண்டியை நிறுத்தி, தொப்பியைக் கழற்றிய பிறகும் இரண்டு கையும் தங்கள் பாட்டுக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டிக்கொண்டே இருக்கும். அந்தக் கையில் ஊசியைப் பார்த்தால் யாருக்குத்தான் நோய் நிற்கும். பாதிப்பேர் பார்த்ததுமே குணமாகிவிட்டார்கள்.

மிச்சப்பேர் காத்திருந்தார்கள். நான் முதல்முறை மேல்கணக்குக்குப் போனபோது, கங்காணி ஒருவர் முதுகுக் கட்டியோடு வாங்குப் பலகையில் குப்புறப் படுத்திருந்தார். பக்கத்தில் ஐயா இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டு, மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

கங்காணி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு எழுந்து சட்டையைப் போட்டார்.

"ஐயா, ஒங்க கை நிக்கிறதுக்குள்ள நான் மலைக்குப் போயி ஆளுங்களப் பாத்துட்டு வந்துர்றேனுங்க."

"போயிட்டு வாங்க. நடுக்கம்னு நெனச்சிராதீங்க. இன்ஜினோட மிச்சம், அவ்வளவுதான்" என்றார் ஐயா.

கொழுந்து பறிக்கிற ராக்கம்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். "அப்ப அந்த மிச்சத்த வழியிலயே கொட்டிட்டு வந்தா என்னங்கையா" என்றாள்.

கணக்குப் பார்த்தால், நடந்து போவதற்கும் வண்டியில் போய்க் கை நிற்பதற்கும் ஏறக்குறைய ஒரே நேரம்தான் ஆயிற்று. இதை நான் ஒருநாள் சாப்பாட்டு வேளையில் மெதுவாகச் சொன்னேன். ஐயா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"தம்பி, நடந்து போனா மிக்ஸர் போத்தல யாரு குலுக்குறது?"

அது உண்மை. அவர் மருந்துப் போத்தல் எல்லாவற்றிலும் 'குலுக்கிக் குடிக்கவும்' என்று எழுதியிருக்கும். மேல்கணக்கில் அந்த வரியை யாரும் பொருட்படுத்தியதில்லை. வந்து சேரும்போதே நுரைத்துக்கொண்டு வரும்.

அட்டன் கராஜில் போல்ட்டையெல்லாம் இறுக்கிப் பார்த்துவிட்டு, ஒற்றைச் சிலிண்டர் குதிக்கத்தான் செய்யும் என்று கைவிட்டுவிட்டார்கள். அதோடு ஐயா வண்டியைத் தன் சொந்த நோயாளியாக ஏற்றுக்கொண்டார். விறாந்தையில் தினமும் அதற்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஹேண்டிலைப் பிடித்து நாடி பார்ப்பார். நோய் இன்ஜினில், வலி ஹேண்டிலில், ஆகவே வைத்தியம் ஹேண்டிலுக்கு என்று முடிவு செய்தார்.

முதல் வைத்தியம் பஞ்சு. இரண்டு பிடியிலும் பஞ்சை வைத்து, மேலே பேண்டேஜ் சுற்றி, ஊக்குக் குத்தினார். வண்டி விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டதுபோல் இருந்தது. அதிர்வு குறைந்தது உண்மைதான், கீழ்க்கணக்கு எல்லை வரைக்கும். அதற்குமேல் மழை. எங்கள் பக்கத்தில் மழை பெய்யாத நேரத்தைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். பஞ்சு தண்ணீரைக் குடித்து, அவர் பிடித்து அமுக்க அமுக்க அது சட்டைக் கைக்குள் ஓடி முழங்கையில் தேங்கியது. அன்றைக்கு நோயாளிகளைவிட அவர்தான் அதிகம் தும்மினார்.

இரண்டாவது, ரப்பர். பழைய டியூபை வாராக அறுத்து, அடுக்கடுக்காகச் சுற்றினார். ஒரு சுற்றுக்கு அதிர்வு கொஞ்சம் குறைந்தது. இன்னொரு சுற்றுக்கு இன்னும் குறைந்தது. மனிதர் அங்கே நிறுத்தியிருக்கலாம். ஹேண்டில் வாழைத்தண்டு பருமனுக்கு வந்தபோது அதிர்வு சுத்தமாகத் தெரியவில்லை. பிரேக்கும் விரலுக்கு எட்டவில்லை. முதல் வளைவிலேயே வண்டி ரோட்டை விட்டுத் தேயிலைக்குள் போய்விட்டது. பறித்துக்கொண்டிருந்த பெண்கள்தான் தூக்கி நிறுத்தினார்கள். அதில் ராக்கம்மாவும் இருந்தாள்.

"நல்ல மலையாப் பாத்துத்தான் வந்திருக்கீங்க ஐயா. கொழுந்து நெறைய நிக்குது. கூடை ஒண்ணு தரவா?" என்று கேட்டாளாம்.

அடுத்து விளக்கெண்ணெய். வெளியே கட்டுப்போட்டுப் பிரயோசனமில்லை, உள்ளுக்கு மருந்து கொடுக்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. பந்தய வண்டிகளுக்கு விளக்கெண்ணெய் ஊற்றுவார்கள் என்று எங்கேயோ கேள்விப்பட்டிருக்கிறார். மருந்துச்சாலையில் அதற்குப் பஞ்சமில்லை. பிள்ளைகளுக்குப் பூச்சி மருந்து கொடுக்கிற நாளில் அதைத்தான் கரண்டி கரண்டியாக வாயில் ஊற்றுவது. ஐயா இன்ஜினுக்கும் ஊற்றினார். வண்டி நீலப் புகை விட்டுக்கொண்டு மேல்கணக்கு லயத்துக்குள் நுழைந்தது. விளக்கெண்ணெய் வாசம் மூக்கில் பட்டதோ இல்லையோ, பூச்சி மருந்து நாள் என்று நினைத்து லயத்துப் பிள்ளைகள் அத்தனையும் தேயிலைக்குள் பாய்ந்து மறைந்துவிட்டன. சாயங்காலம் வரை தாய்மார் மலை மலையாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஹேண்டிலின் துள்ளல் மட்டும் அப்படியேதான் இருந்தது.

தோட்டத்து மேனேஜரான பெரிய தொரைக்கு இதெல்லாம் பொழுதுபோக்கு. தன் கிளப்பில் கிடந்த விக்கெட் கீப்பர் கையுறை ஒரு சோடியை அவர்தான் கொடுத்தனுப்பினார். டையும் தொப்பியும் அந்தப் பெரிய கையுறையுமாக ஐயா மோட்டார் சைக்கிளில் போவதைப் பார்த்து, எதிரே காரில் வந்த தொரை இறங்கி, "டிஸ்பென்சர், யார் பந்து போடுறது?" என்று கேட்டார். ஐயா மரியாதைக்காகச் சிரித்துவிட்டுப் போய்விட்டார். கையுறை மறுநாள் அடுப்பில் கறிச்சட்டி இறக்க உபயோகமாயிற்று.

இத்தனைக்கும் மேலே இன்னொருவர் இருந்தார். செபமாலை அம்மா. தோட்டத்து மருத்துவிச்சி. விதவை, ஐயாவின் வயதுதான் இருக்கும். வெள்ளைச் சேலையும் தோளில் பையுமாக எங்கேயும் நடந்துதான் போவார். மேல்கணக்கில் ஐயா கையை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நேரத்தில் அவர் நடந்து வந்து, பிரசவம் பார்த்துப் பிள்ளையைப் பிடித்து, குளிப்பாட்டியும் முடித்திருப்பார். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லமாட்டார். அந்தச் சொல்லாமைதான் ஐயாவுக்குத் தாங்காது.

கடைசியில் வைத்தியம் பலித்தது அட்டனில், ஒரு முஸ்லிம் நானாவின் இரும்புக் கடையில். அன்றைக்கு நானும் கூடப் போயிருந்தேன். எடைக்கல் வேண்டும் என்றார் ஐயா. ஒரு றாத்தல் கல், ஒரே மாதிரி இரண்டு.

"மருந்து நிறுக்கவா டொக்டர்? அதுக்குச் சின்னக் கல்லுதானே நல்லம்" என்றார் நானா.

"நிறுக்க இல்ல நானா. மாட்ட."

"எங்க மாட்ட?"

"ஹேண்டிலோட ரெண்டு முனையிலயும். நுனியில பாரம் இருந்தா துள்ளுறது கொறையும். யோசிச்சுப் பாத்தேன்."

நானா எழுந்து வாசலுக்கு வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "தம்பி, இவரு இனி தராசுலயா ஊருக்குப் போகப் போறாரு?" என்றார்.

தோட்டத்து ஃபேக்டரியில் துளை போட்டு, போல்ட்டில் முடுக்கி, இரு முனையிலும் கல்லை ஏற்றினோம். சொன்னால் நம்பமாட்டீர்கள், அதிர்வு பாதிக்குமேல் குறைந்துவிட்டது. மேல்கணக்கில் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் ஐயா ஊசியைக் கையில் எடுத்தார். வாங்கில் கிடந்த ஆள் இதை எதிர்பார்க்கவே இல்லை. எழுந்து ஓடிவிட்டான். சிரிக்க வந்திருந்தவர்கள் முகமெல்லாம் தொங்கிப்போயிற்று.

அவர் சந்தோஷம் ஒரு கிழமைகூட நிற்கவில்லை. ஹேண்டில் இப்போது முன்னையைவிட அகலம், முனையில் இரும்புக் கொண்டை வேறு. ஒரு காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களெல்லாம் கூடி, பெரிய தொரை முன்னால் வேலை பிரித்துக்கொண்டிருக்கும்போது ஐயா குறுக்கு வழியாக வந்தார். வந்த வழியில் பெரிய கணக்கப்பிள்ளை வீட்டுத் துணி காயும் கொடி இருந்தது. இடது பக்கக் கல் கொடியைக் கொளுவிக்கொண்டது. கணக்கப்பிள்ளையின் வேட்டி இரண்டும் துண்டு ஒன்றும் வண்டிக்குப் பின்னால் கொடிபோலப் பறக்க, ஐயா விஷயம் தெரியாமல் தொரைக்குத் தொப்பியைத் தொட்டுக் காலை வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். பெரட்டுக்கு நின்ற முந்நூறு பேரும் கொடியேற்றத்துக்கு நிற்கிற மாதிரி சல்யூட் அடித்தார்கள்.

தொரை சிரித்தார். ஆனால் சிரித்து முடித்ததும், கொடியில் பட்டது ஒரு பிள்ளையின் தலையில் படலாம், கல்லைக் கழற்றிவிடு என்று சொல்லிவிட்டார். நியாயம்தான். ஐயா கழற்றினார். அன்றைக்கு அவர் சோறு தின்னவில்லை.

கவ்வாத்துக் காலம் வந்தது. தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி விடுகிற வேலை அது. நீளமான கத்தி, சவரக் கத்திபோல் தீட்டியிருப்பார்கள். ஆட்கள் பெயர் பதிகிற செக்ரோல் வேலையாக நான் மேல்கணக்கில் இருந்த ஒரு காலை, மலையிலிருந்து சத்தம் கேட்டது. ஓடிப் போனோம். சுப்பையா என்ற கவ்வாத்துக்காரன் மழையில் வழுக்கி, கத்தி அவன் இடது காலில் முழங்காலுக்குக் கீழே ஆழமாக இறங்கியிருந்தது.

கங்காணி தலைப்பாகையை அவிழ்த்து மேலே இறுக்கிக் கட்டினார். நான் துண்டை மடித்துக் காயத்தில் அமுக்கினேன். துண்டு நனைந்தது, இன்னொன்று வைத்தேன், அதுவும் நனைந்தது. பெரிய தொரையின் கார் நுவரெலியா போயிருந்தது. தோட்டத்து லொறி தேயிலைப் பெட்டியோடு அட்டன் ஸ்டேஷனுக்குப் போயிருந்தது. ஐயாவுக்கு ஆள் அனுப்பியாயிற்று என்று கங்காணி சொன்னார்.

சுப்பையாவின் உதடு வெளுத்துவிட்டது. ஆனாலும் பேசினான். "கிடுகிடு ஐயாவா வர்றாரு? அவரு கை நிக்கிறதுக்குள்ள என் மூச்சு நின்னுருமே."

எல்லோருக்கும் மனசில் அதுதான் ஓடியது.

கீழே மருந்துச்சாலையில் நடந்ததைச் செபமாலை அம்மா பிறகு எனக்குச் சொன்னார். ஐயா பையை எடுத்து, வண்டியை உதைத்து ஸ்டார்ட் பண்ணி, ஹேண்டிலைப் பிடித்தார். பிடித்தவர் அப்படியே நின்றார். பிறகு இரண்டு கையையும் எடுத்து அவற்றைப் பார்த்தார்.

"செபமாலையம்மா, ஒரு ஒதவி வேணும்."

"பையத் தூக்கணுமா?"

"இல்ல. வண்டியப் புடிக்கணும்."

"எந்தப் பக்கம்?"

"ரெண்டு பக்கமும். நான் பின்னால ஒக்காந்துக்குறேன்."

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாராம். "ஒங்களுக்கு எதாச்சும் ஆயிருச்சா?"

"கொன்வென்ட்ல படிக்கிறப்ப சைக்கிள் ஓட்டினேன்னு சொன்னீங்கல்ல."

"அது பதினாறு வயசுல."

"பேலன்ஸ் மறக்காது. கியர நான் போட்டு விடுறேன். நீங்க நேராப் புடிச்சாப் போதும். இந்தக் கையோட போனா நான் அவனத் தைக்க முடியாதும்மா."

அம்மா சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஏறினார்.

எங்களுக்கு முதலில் சத்தம்தான் கேட்டது. நாலு மைலும் ஒரே கியரில் ஏறி வருகிற இன்ஜின் கதறல். பிறகு வளைவில் வண்டி தெரிந்தது. செபமாலை அம்மா முன்னால், பல்லைக் கடித்துக்கொண்டு, கண் இரண்டும் முழுசாகத் திறந்து. வெள்ளைச் சேலை முழுக்கச் சேறு. பின்னால் ஐயா, இரண்டு கையையும் சுத்தமான துவாயில் சுற்றி, கோவிலில் பிரசாதம் ஏந்துகிறவர்போல நெஞ்சுக்கு முன்னால் தூக்கிப் பிடித்துக்கொண்டு. அவர் எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. பள்ளத்தில் வண்டி தூக்கிப் போட்டபோதும் கையைக் கீழே விடவில்லை. விழுந்தால் விழட்டும் என்று வந்தார்.

வண்டியை எப்படி நிறுத்துவது என்பதைப் பற்றி இருவரும் புறப்படும்போது பேசிக்கொள்ளவில்லை. அம்மா ஒரே ஒரு வழியைக் கண்டார். வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சி, தோட்டத்தில் அதற்கு மிலாறு என்று பெயர், ஆளுயரத்துக்குக் குவித்திருந்தது. நேராக அதற்குள் விட்டார். வண்டி மிலாறுக்குள் புகுந்து, இருமி, நின்றது.

ஐயா குவியலிலிருந்து இறங்கி வந்தார். மண்டியிட்டார். துவாயை அவிழ்த்தார். நாங்கள் எல்லோரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தோம். அது பூசை அறை விளக்குச் சுடர்போல அசையாமல் இருந்தது.

"துண்ட எடுங்க தம்பி" என்றார்.

எடுத்தேன். மளமளவென்று கழுவினார், பிடிக்க வேண்டியதைப் பிடித்தார், தைத்தார். ஒருமுறைகூட ஊசி தவறவில்லை. சுப்பையா கத்தினான். கத்துகிற பலம் இருந்ததே என்று எங்களுக்கு நிம்மதி. மத்தியானம் லொறி வந்து டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, அங்கே டொக்டர் அந்தத் தையலைப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிட்டாராம். காய்ச்சல் ஒரு தடவை வந்து போயிற்று. ஆள் பிழைத்தான்.

தைத்து முடித்த பிறகுதான் எல்லோருக்கும் அம்மாவின் ஞாபகம் வந்தது. அவர் மிலாறுக் குவியல் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். கை இரண்டும் தோள்வரை ஆடிக்கொண்டிருந்தன. ராக்கம்மா கோப்பையில் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். பாதி சேலையில் கொட்டியது. ஐயா போய்ப் பக்கத்தில் குந்தி, கோப்பையை வாங்கி, அவர் வாயருகே பிடித்தார்.

அம்மா குடித்தார். குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "இதத்தானா இத்தன வருசமா ஓட்டிக்கிட்டிருந்தீங்க?"

"ஆமா."

"இனிமே என்னக் கேக்காதீங்க. இந்தக் கைய வச்சுத்தான் நான் புள்ள புடிக்கணும்."

அடுத்த கிழமையிலிருந்து ஐயா மேல்கணக்குக்கு நடந்து போனார். செபமாலை அம்மாவும் அதே வேளைக்கு நடந்து போனார். லயத்தில் இதைப் பற்றி நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். இருவரும் வழியெல்லாம் சண்டைதான் பிடித்துக்கொண்டு போனார்கள் என்பது நான் பார்த்தது. ஆனால் ஐயா வந்த கையோடு ஊசி போட்டார். மேல்கணக்கில் மருந்துக்கு வருகிற கூட்டம் குறைந்துபோயிற்று என்பது வேறு விஷயம்.

வண்டியை அவர் விற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஹேண்டில் ஆராய்ச்சி தொடர்ந்தது. அதற்குள் எனக்கு ராகலைப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு மாற்றம் கிடைத்து, கல்யாணமும் ஆகிவிட்டது.

அங்கே போய் ஒன்றிரண்டு வருடம் இருக்கும். எனக்குக் கடுமையான காய்ச்சல் என்று யாரோ லொறி டிரைவர் டிக்கோயாவில் சொல்லியிருக்கிறார். அது உண்மையில் வெறும் தடிமன், மூக்கொழுகல். லொறியில் போகும்போது செய்தி கனத்துவிட்டது. ஒரு ஞாயிறு மத்தியானம், நல்ல மழையில், வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. மலையெல்லாம் ஏறி இறங்கி, நுவரெலியாவைத் தாண்டி, அந்தக் குளிரில் அவ்வளவு தூரம் வந்திருந்தார்.

உடம்பெல்லாம் நனைந்து, டை கழுத்தில் ஒட்டி, உள்ளே வந்தார். நான் கட்டிலில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தேன். அவர் என் தட்டைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். நெற்றியைத் தொட்டுப் பார்க்கவேண்டும் என்று நினைத்துக் கையை நீட்டினார். அது என் மூக்கிலும் காதிலும் பட்டு, நெற்றியை மட்டும் கண்டுபிடிக்க முடியாமல் தடுமாறியது. என் மனைவி சிரிப்பை அடக்க உள்ளே போய்விட்டாள்.

"காய்ச்சல் இல்லீங்க ஐயா. தடிமன்தான்."

"தெரியும்" என்றார் அவர். "ஹேண்டிலுக்குப் புதுசா ஒரு ரப்பர் போட்டிருக்கேன். தூரமா ஓட்டிப் பாக்கணும்னு நெனச்சேன். அதான் இந்தப் பக்கம் வந்தேன்."

ஜன்னல் வழியாக நான் வண்டியைப் பார்த்தேன். ஹேண்டிலில் ஒரு ரப்பரும் இல்லை. மழை விட்டதும் போகலாம் ஐயா என்று சொல்லி, இன்னொரு தட்டு வைக்கச் சொன்னேன். மழை அன்றைக்கு மூன்று மணிக்கே விட்டுவிட்டது. எனக்குத்தான் அவரைப் போக விட மனம் வரவில்லை.